கெட்ட வருஷத்தை வைத்துப் பாருங்கள்: குடும்ப விடுதிக்கு முன்னால் உள்ள வழிகள்

தலைமுறையாக நடக்கும் சின்ன விடுதி, இருபது முப்பது அறைகள் என்று வைத்துக்கொள்வோம். அதை நடத்தும் குடும்பத்துக்கு யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவே இருக்காது. பெரிய பிராண்டின் பெயர்ப்பலகையை மாட்டு என்பார் ஒருவர். குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்பார் இன்னொருவர். பாதி அறைகளை மாத வாடகைக்கு மாற்றச் சொல்பவர் உண்டு. எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டு வட்டியில் சாப்பிடச் சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

இவர்கள் எல்லோரும் காட்டும் கணக்கு நல்ல வருஷத்தின் கணக்கு. அறைகள் முக்கால்வாசி நிரம்பியிருக்கும், சீசன் கைகொடுத்திருக்கும், வங்கித் தவணை தேதி தவறாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் எந்த வழியுமே நன்றாகத்தான் தெரியும். வழிகளுக்குள் உள்ள நிஜமான வித்தியாசம் அறைகள் காலியாகக் கிடக்கும்போதுதான் வெளியே வரும். அதனால் இந்த ஒப்பீட்டைக் கெட்ட வருஷத்தில் தொடங்குகிறேன். காலி அறையின் செலவு யார் தலையில் விழுகிறது, எடுத்த முடிவை மாற்ற வேண்டுமானால் எவ்வளவு சுலபமாக வெளியே வரலாம், இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் அளக்கப் போகிறேன்.

கெட்ட வருஷம் எப்போதோ ஒரு முறைதானே வரும் என்று தோன்றலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானப் பயணம் சரிந்தது. 2003இல் சார்ஸ் நோய் பல ஆசிய நகரங்களில் ஹோட்டல்களைக் காலி செய்தது. 2008இல் நிதி நெருக்கடி. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிவைத்தது. (அந்த வாரம் ஊர் திரும்ப முடியாதவர்களால் நிரம்பிய விடுதிகளும் உண்டு. நெருக்கடி எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை.) அப்புறம் 2020. ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்குப்படி 2019இல் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுப் பயணிகள் வருகை, அடுத்த வருஷமே நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. பழைய அளவைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்க 2024 ஆகிவிட்டது. இருபது வருஷத்துக்குள் ஐந்து அடி. விடுதிக்கு வாங்கும் கடன் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும் என்றால், கடன் தீர்வதற்குள் ஒரு கெட்ட வருஷமாவது வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் நானாக எடுத்தவை. உங்கள் பேரேட்டிலிருந்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வருஷத்தில் மொத்த வருமானம் 100 பங்கு. அதில் சம்பளம் 30, மின்சாரம், தண்ணீர், சலவை 15, பராமரிப்பு 8, வரியும் காப்பீடும் 7, புக்கிங் தளங்களின் கமிஷன் 10, வங்கித் தவணை 20. மிச்சம் 10. இப்போது வருமானம் 30 ஆகச் சரிகிறது. கமிஷன் 3 ஆகக் குறையும். மின்சாரமும் சலவையும் 7க்கு வரும். பாதிப் பேரை விடுப்பில் அனுப்பினால் சம்பளம் 15. பராமரிப்பைத் தள்ளிப்போட்டு 3. வரியும் காப்பீடும் அதே 7, தவணையும் அதே 20. செலவு 55, வரவு 30. கையிலிருந்து 25 போகிறது. இரண்டரை நல்ல வருஷத்தின் லாபத்தை ஒரே கெட்ட வருஷம் தின்றுவிட்டது.

இதே விடுதிக்குக் கடன் இல்லை என்றால்? நல்ல வருஷத்தில் 30 மிஞ்சும், கெட்ட வருஷத்தில் கையிலிருந்து வெறும் 5தான் போகும். கீழே எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் இந்த ஒரு கணக்கு பின்னாலேயே வரும். எந்தப் பலகையை மாட்டுகிறோம் என்பதைவிட, தவணை எவ்வளவு என்பதே விடுதி பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஹில்டன் ஹோட்டல்களை நிறுவிய கான்ராட் ஹில்டனே இதற்கு உதாரணம். 1920களில் கடன் வாங்கி ஹோட்டலுக்கு மேல் ஹோட்டலாகக் கட்டினார். பெருமந்தம் வந்ததும் அறைகள் காலியாகி, தவணை கட்ட முடியாமல், பெரும்பாலானவற்றைக் கடன் கொடுத்த குடும்பத்திடம் இழந்தார். பிற்பாடு மீண்டுவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அப்படி மீளாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, முதல் வழி: இப்போது நடப்பதுபோலவே, சொந்தப் பெயரில், புக்கிங் தளங்களின் துணையோடு ஓட்டுவது.

இதன் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வாடகையை இன்று காலை குறைத்து மாலையில் ஏற்றலாம். ஒரு மாடியை மொத்தமாக மூடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம். கெட்ட வருஷத்தில் இந்தச் சுதந்திரத்துக்கு மதிப்பு அதிகம்.

பலவீனம், நாம் சுதந்திரம் என்று நினைப்பதில் ஒரு பகுதி ஏற்கெனவே கைமாறிப் போயிருப்பது. புக்கிங் தளங்கள் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டிக் கமிஷன் எடுக்கின்றன. தேடலில் மேலே காட்ட வேண்டுமானால் இன்னும் கூடும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். எங்கள் தளத்தில் போடும் விலையைவிடக் குறைவாக உன் சொந்த இணையதளத்தில் போடாதே என்ற நிபந்தனைதான் பல வருஷமாகக் கையைக் கட்டிவைத்திருந்தது. ஜெர்மனியின் போட்டி ஆணையமும் பிரான்ஸின் சட்டமும் 2015இல் இதை எதிர்த்தன. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் புக்கிங்.காமைக் கொண்டுவந்த பிறகு, அந்த நிறுவனம் ஐரோப்பாவில் இந்த நிபந்தனையைக் கைவிட்டது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பிரிவைப் படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் சேரும்போது ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தியதோடு சரி.

நெருக்கடியில் இது எப்படி வேலை செய்யும் என்பதை 2020 மார்ச் காட்டியது. வீடுகளை நாள் வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி, வீட்டுக்காரர்கள் வைத்திருந்த ரத்து விதிகளைத் தாண்டி, விருந்தினர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர முடிவு செய்தது. வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். பிறகு 25 கோடி டாலர் ஒதுக்கி, ரத்தானவற்றுக்கு அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்கைத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. விருந்தினர் பக்கம் அது நியாயமான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் முடிவை எடுத்தது வீட்டுக்காரர் இல்லை. ரத்துக்குப் பணம் கிடையாது என்று நாம் எழுதிவைத்த விதி, நம் ரிசப்ஷன் சுவரில் இருக்கும்வரைதான் நம்முடையது.

சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. இரவு பதினொரு மணி, மிச்சம் ஒரே ஓர் அறை. ஒரு புக்கிங் தளத்தில் அது விற்றுப்போகிறது. மற்றத் தளங்களில் அதை மூட வேண்டிய தம்பி அந்த நேரம் பார்த்து மேலே 304இல் கீசர் பழுதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் இறங்கி வருவதற்குள் அதே அறை இன்னொரு தளத்திலும் விற்றாகிவிட்டது. வாசலில் பெட்டியோடு இரண்டு குடும்பங்கள். ஒருவரை வேறு விடுதிக்கு அனுப்பி அந்த வாடகை வித்தியாசத்தையும் நாமே கட்ட வேண்டும், போதாததற்கு மறுநாள் ஒற்றை நட்சத்திர விமர்சனம் வேறு. எல்லாத் தளங்களையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள் வைத்திருந்தால் இது பெரும்பாலும் நடக்காது. அந்தச் செலவுக்குத் தயங்குகிற விடுதிகளைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

இந்த வழியில் தொடர்பவர்களுக்கு என் யோசனை: தளங்களைப் புது விருந்தினரைப் பிடிக்கும் தூண்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை வருபவர் நேராகத் தொலைபேசியில் அழைக்கும்படி செய்யுங்கள். எந்த ஒரு தளமும் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டால் முதலாளி யார் என்பதே குழப்பமாகிவிடும்.

இரண்டாவது வழி, பிராண்டின் பெயரில் நடத்துவது. கட்டடம் நம்முடையது, ஆட்கள் நம்முடையவர்கள், பெயரும் புக்கிங் அமைப்பும் அவர்களுடையவை. இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பியது ஹாலிடே இன். 1952இல் மெம்ஃபிஸ் நகரில் கெம்மன்ஸ் வில்சன் தொடங்கியது அது. நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு அறை எப்படி இருக்குமோ என்ற பயம் இல்லாமல் தங்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் யோசனை. பிராண்ட் விற்பது இன்றுவரை அந்தப் பயமின்மையைத்தான். அதனால் ஒரு முறை வந்து இனி வராத வழிப்போக்கர்கள் அதிகம் தங்கும் இடத்தில் பெயர்ப்பலகைக்கு மதிப்பு உண்டு. வருஷாவருஷம் அதே குடும்பங்கள் திரும்பி வரும் இடத்தில் அந்தப் பலகை ஒரு செலவு, அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு? ராயல்டி, விளம்பர நிதி, புக்கிங் அமைப்புக் கட்டணம், அடிக்கடி வருபவர்களுக்குத் தரும் விசுவாசப் புள்ளிகளுக்கான பங்கு எல்லாம் சேர்த்தால் அறை வருமானத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி வருவது சாதாரணம். சேரும்போது அவர்களது தரத்துக்கு அறைகளைப் புதுப்பிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை மறுபடியும் புதுப்பிக்கச் சொல்வார்கள். நம் மாதிரி விடுதியில் இதைப் போட்டுப் பார்ப்போம். பெயரால் வருமானம் 115 ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். புதுப்பிக்க வாங்கிய கடனால் தவணை 26. சம்பளம் 32, மின்சாரமும் சலவையும் 17, பராமரிப்பு 8, வரியும் காப்பீடும் 7, தளக் கமிஷன் குறைந்து 7, பிராண்ட் கட்டணம் 11. மிச்சம் 7. கெட்ட வருஷத்தில் வருமானம் 36 என்றால், சம்பளம் 16, மின்சாரம் 8, பராமரிப்பு 3, வரி 7, தவணை 26, கமிஷன் 2, பிராண்ட் 4, பள்ளம் 30. சொந்தப் பெயரில் நடத்தியபோது 25. ஆக, புதுப்பிப்பைக் கடனில் செய்தால், பெயர் கொண்டுவரும் கூடுதல் வருமானத்தை வங்கி வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பிராண்ட் கட்டணம் வருமானத்தோடு சேர்ந்து இறங்கும், தவணை இறங்காது.

இந்த வழியை உலகத்திலேயே நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் என்று கேட்டால், அமெரிக்க மோட்டல்களை (சாலையோரச் சிறு விடுதிகளை) நடத்தும் குஜராத்திக் குடும்பங்களைத்தான் சொல்வேன். முதல் தலைமுறை நஷ்டத்தில் கிடந்த சின்ன மோட்டல்களை வாங்கி, அங்கேயே குடியிருந்து, ரிசப்ஷனிலிருந்து படுக்கை விரிப்பு மாற்றுவதுவரை வீட்டு ஆட்களே செய்து கடனை அடைத்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அவர்களுக்குக் காப்பீடு தர மறுத்தன. பக்கத்து மோட்டல்காரர்கள் ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று பலகை வைத்தார்கள். அதை எதிர்கொள்ளச் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1989இல் உருவான ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், அமெரிக்க ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுடையவை என்கிறது. அவற்றில் ஏராளமானவை பெரிய பிராண்ட் பெயர்களில்தான் ஓடுகின்றன. அதே சங்கம் பிராண்டுகளோடு இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறது. நியாயமான ஒப்பந்தத்துக்கு என்று 12 அம்சங்களை எழுதிவைத்திருக்கிறது. பக்கத்திலேயே அதே பிராண்டின் இன்னொரு ஹோட்டலுக்கு அனுமதி தரக் கூடாது, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய அபராதத்துக்கு வரம்பு வேண்டும் என்பதெல்லாம் அதில் பேசப்படுபவை. பிராண்டை நன்றாக அறிந்த ஆட்களே இந்த இரண்டில் கறாராக இருக்கிறார்கள் என்றால், புதிதாகச் சேர்பவர் ஒப்பந்தத்தில் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது விளங்கும்.

வரிசையையும் கவனியுங்கள். அவர்கள் முதலில் வீட்டு உழைப்பால் கடனை இறக்கினார்கள், பெயர்ப்பலகை பிறகு வந்தது. நம்மில் பலர் யோசிப்பது தலைகீழாக.

மூன்றாவது வழி, நடத்தும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுப்பது. இதில் இரண்டு வகை உண்டு, பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். குத்தகை என்றால் அவர் நமக்கு மாதம் ஒரு தொகை தருவார்; லாபமும் நஷ்டமும் அவருடையது. மேலாண்மை ஒப்பந்தம் என்றால் அவர் நமக்காக நடத்துவார். மொத்த வருமானத்தில் இரண்டு முதல் நான்கு சதவீதமும், லாபத்தில் ஒரு பங்கும் எடுத்துக்கொள்வார். சம்பளமும் நஷ்டமும் நம் கணக்கில். அதாவது இரண்டாவது வகையில் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டோம், ஆபத்திலிருந்து எழவில்லை. இருபது அறை விடுதிக்கு மேலாண்மை ஒப்பந்தம் எனக்கு ஒத்துவரும் என்று தோன்றவில்லை. திறமையான நிறுவனங்கள் அவ்வளவு சின்ன இடத்துக்கு வருவதுமில்லை.

குத்தகையை மாதிரிக் கணக்கில் வைப்போம். குத்தகைத் தொகை 30 பங்கு. வரியும் காப்பீடும் 7, தவணை 20 போக 3 மிச்சம். கெட்ட வருஷத்தில் அவர் பாதிதான் தர முடியும் என்றால் 15 வரும், பள்ளம் 12. சொந்தமாக நடத்தியபோது வந்த 25இல் பாதிகூட இல்லை. ஏன் பாதி என்று எழுதுகிறேன், ஒப்பந்தத்தில் முழுத் தொகை என்றுதானே இருக்கும்? பிரிட்டனில் கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்தும் டிராவல்லாட்ஜ் நிறுவனம் 2020இல் கடன்காரர்களோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்து நூற்றுக்கணக்கான கட்டட உரிமையாளர்களுக்கான வாடகையைக் குறைத்துக்கொண்டது. பெரிய குத்தகைக்காரருக்கே அப்படி என்றால், சின்னவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். குறைந்தபட்ச வருமானம் உறுதி என்று சொல்லும் ஒப்பந்தங்களிலும் பேரிடர் விதி என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியைப் படிக்காமல் உறுதியை நம்ப வேண்டாம்.

குத்தகைக்குக் காலமும் முக்கியம். ஓபராய் ஹோட்டல்களை நிறுவிய மோகன் சிங் ஓபராய் 1938இல் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலைக் குத்தகைக்கு எடுத்தார். தொற்றுநோய் பரவி, பெயர் கெட்டு, மூடிக்கிடந்த ஹோட்டல் அது. வேறு யாரும் தொடாததால் அவருக்குச் சாதகமாக அமைந்தது. சில வருஷத்தில் போர் வந்தது, ராணுவத்தினர் தங்க இடம் தேவைப்பட்டது, ஹோட்டல் நிரம்பியது. ஓபராயின் துணிச்சல் என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். அடிமட்ட நேரத்தில் குத்தகை பேசினால் ஆதாயம் எடுப்பவருக்கு. நாம் கொடுக்கும் பக்கம் இருக்கிறோம். நெருக்கடி நடுவில் பயந்துபோய் பத்து வருஷக் குத்தகையில் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்கு மட்டும் கொடுத்து, அதன் பிறகு வருமானத்தில் ஒரு சதவீதம் என்று பேசுங்கள்.

நான்காவது ஒன்று உண்டு, யாரும் தரகுக்காக வந்து விற்காததால் காதில் விழாமல் போவது: சொந்தப் பெயரை விடாமல் மற்ற விடுதிகளோடு சங்கமாகச் சேர்வது. பெஸ்ட் வெஸ்டர்ன் 1946இல் அப்படித்தான் தொடங்கியது. கலிபோர்னியாவில் தனித்தனி மோட்டல்காரர்கள் தங்கள் விருந்தினரை அடுத்த ஊரில் உள்ள உறுப்பினரிடம் அனுப்பிவைத்தார்கள். பிரான்ஸில் போர் முடிந்த பிறகு உருவான லோஜி அமைப்பு, கிராமப்புறக் குடும்ப விடுதிகளை ஒரே சின்னத்தின் கீழ் கொண்டுவந்தது, இன்றும் நடக்கிறது. கட்டணம் குறைவு, விலகுவது சுலபம், புதுப்பிக்கச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். கூட்டம் கொண்டுவரும் பலத்தில் பெரிய பிராண்டுக்கு ஈடாகாது. ஆனால் சலவை, சோப்பு, காப்பீடு, மென்பொருள் ஆகியவற்றைப் பத்து விடுதிகள் சேர்ந்து பேசி வாங்கினாலே, கெட்ட வருஷத்தில் ஓரிரு பங்கு மிஞ்சும்.

ஐந்தாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: கட்டடத்தை வைத்துக்கொண்டு தொழிலைக் கொஞ்சம் மாற்றுவது. ஹில்டன் 1919இல் டெக்ஸஸின் சிஸ்கோவில் முதல் ஹோட்டலை வாங்கியபோது எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த கூட்டம் தங்க இடமில்லாமல் தவித்தது. ஒரே அறையை எட்டு எட்டு மணி நேரமாக ஆள் மாற்றி வாடகைக்கு விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தைத் தட்டுமுட்டுகளோடு காலி செய்து அங்கேயும் கட்டில் போட்டார். மாரியட் தம்பதி 1927இல் வாஷிங்டனில் வைத்தது ஒரு குளிர்பானக் கடை. குளிர்காலத்தில் அதை யார் குடிப்பார்கள்? சூடான சாப்பாடு சேர்த்தார்கள், அது உணவகச் சங்கிலி ஆனது. முதல் மோட்டல் திறக்க 1957 ஆயிற்று. இத்தாலியில் 1976 ஃப்ரியுலி பூகம்பத்துக்குப் பிறகு காலியான கிராம வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து, ஊர் முழுக்கச் சிதறிய வீடுகளையே அறைகளாகவும் ஒரு வீட்டை ரிசப்ஷனாகவும் வைக்கும் விடுதி முறை பிறந்தது.

நம் அளவுக்கு இதன் அர்த்தம், எல்லா அறைகளையும் ஒரே மாதிரி ஆட்களுக்கு விற்காமல் இருப்பது. உதாரணமாக, பாதி அறைகளை மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கு விடலாம்: வேலை மாற்றலாகி வந்தவர், நீண்ட சிகிச்சைக்கு வந்தவரின் உறவினர், படிக்க வந்தவர், வீடு கட்டி முடியும்வரை இடம் தேடுபவர். நல்ல வருஷத்தில் இது வருமானத்தைக் குறைக்கும். மாதிரிக் கணக்கில் 100 இருந்த இடத்தில் 85. ஆனால் விரிப்பு தினமும் மாற்ற வேண்டாம், தளக் கமிஷன் குறையும். சம்பளம் 24, மின்சாரமும் சலவையும் 12, பராமரிப்பு 8, வரி 7, தவணை 20, கமிஷன் 5. மிச்சம் 9, சொந்தப் பெயரில் முழுக்க நாள் வாடகைக்கு விட்டபோது 10. ஒரே ஒரு பங்கு வித்தியாசம். கெட்ட வருஷத்தில் மாத வாடகைப் பக்கம் 35 இருந்தது 28க்கு இறங்குகிறது, நாள் வாடகைப் பக்கம் 50 இருந்தது 15க்கு; மொத்தம் 43. சம்பளம் 14, மின்சாரம் 7, பராமரிப்பு 3, வரி 7, தவணை 20, கமிஷன் 2 என்று செலவு 53. பள்ளம் 10தான். எல்லா வழிகளிலும் இதுவே சின்னப் பள்ளம்.

தொல்லை இல்லாமல் இல்லை. மாதக்கணக்கில் இருப்பவர் சில இடங்களின் சட்டப்படி குடியிருப்பவர் ஆகிவிடுவார். வெளியேறச் சொல்வது விருந்தினரை அனுப்புவது மாதிரி இருக்காது. விடுதி உரிமம், வரி வகை, காப்பீட்டு விதிகள் மாறலாம். வக்கீலிடம் ஒரு முறை உட்கார்ந்துவிட்டுத் தொடங்குங்கள். மாதக்காரர் சமைக்கக் கேட்பார், சுற்றுலா வந்தவர் தாளிக்கும் வாசனையைப் பற்றிப் புகார் சொல்வார். இரண்டு கூட்டத்தையும் வேறு வேறு மாடியில் வைத்துவிடுவது நல்லது.

விற்பது பற்றி நீட்ட வேண்டியதில்லை. விற்க நினைத்தால் நல்ல வருஷத்தில் விற்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் மனசு வராது. மாமா சொல்வது தப்பில்லை, சொல்லும் நேரம்தான் தப்பு.

இதுவரை சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். சம்பளம் 30 என்று எழுதினேனே, அதில் கல்லாவில் உட்காரும் அண்ணனுக்கும், சமையலறையையும் துணிக் கணக்கையும் பார்க்கும் அண்ணிக்கும், இரவு ரிசப்ஷன் பின்னால் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கும் தம்பிக்கும் சம்பளம் இல்லை. வெளியாள் வைத்தால் என்ன ஆகுமோ அந்தத் தொகையை எழுதிப் பாருங்கள். மிச்சம் என்று நினைத்த 10 பல விடுதிகளில் காணாமல் போய்விடும். சொந்தமாக நடத்துவது எப்போதும் லாபமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். குத்தகையில் 3தான் மிஞ்சுகிறது, ஆனால் மூன்று பேர் வேறு வேலைக்குப் போகலாம். அவர்கள் போக விரும்புகிறார்களா என்பதைக் கேட்காமல் இந்த ஒப்பீடு முடியாது. வெளியூரில் இருக்கும் தங்கைக்குக் கட்டடத்தில் பங்கு உண்டு, உழைப்பில் இல்லை. அவளுக்குக் குத்தகைதான் பிடிக்கும், அதைப் பேராசை என்று சொல்ல முடியாது. உழைப்பவருக்குச் சம்பளம், பங்காளிக்கு லாபம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். மாரியட் நிறுவனமே 1993இல் கட்டடங்களை வைத்திருக்கும் கம்பெனி ஒன்று, ஹோட்டல்களை நடத்தும் கம்பெனி இன்னொன்று என்று இரண்டாகப் பிரிந்துகொண்டது.

வாரிசு இல்லையென்றால்? ஜப்பானின் ஹோஷி விடுதி 718இல் தொடங்கியதாகச் சொல்லப்படுவது. ஒரே குடும்பம் நாற்பத்தாறு தலைமுறையாக நடத்துகிறது. ஜப்பானில் பல குடும்பத் தொழில்கள் மருமகனைத் தத்தெடுத்தே சங்கிலியைக் காத்தன. 705இல் தொடங்கி, உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸில் பதிவான நிஷியாமா ஓன்சென் கேயுன்கான், 2017இல் குடும்பத்தில் ஆள் இல்லாததால் நீண்ட காலம் வேலை பார்த்த ஓர் ஊழியரிடம் தலைமையை ஒப்படைத்தது. ஆயிரத்து முன்னூறு வருஷப் பழக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். நம் விடுதியின் மூத்த மேலாளரிடம் ஒரு சின்னப் பங்கு கொடுத்துப் பேசிப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? எத்தனையோ குடும்பங்கள் முன்பின் தெரியாத குத்தகைக்காரரை நம்புகிற அளவுக்கு, இருபது வருஷமாகச் சாவி வைத்திருக்கும் ஆளை நம்புவதில்லை.

ஆக, கடன் குறைவு, வீட்டில் ஒருவருக்காவது இந்தத் தொழிலில் நிஜமான ஆசை இருக்கிறது என்றால், சொந்தப் பெயரை வைத்துக்கொண்டு பாதியையோ மூன்றில் ஒன்றையோ மாத வாடகைக்கு மாற்றுவேன். கூடவே ஒரு விடுதிச் சங்கத்தில் சேர்வேன். கடன் அதிகம், ஆசை உண்டு என்றால் முதலில் பிராண்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு வருஷம் தவணையை இறக்கப் பார்ப்பேன். ஆசையே இல்லை என்றால், நல்ல சீசன் முடிந்த கையோடு குத்தகையோ, மேலாளரைப் பங்காளியாக்குவதோ, இல்லை விற்பதோ. நெடுஞ்சாலை ஓரம், திரும்பி வராத விருந்தினர், கையில் புதுப்பிக்கப் பணம் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் பிராண்ட்.

அவர்களும் கையெழுத்துக்கு முன்னால் இரண்டைக் கேட்க வேண்டும். ஐந்தாம் வருஷத்தில் அபராதமில்லாமல் விலகும் உரிமை ஒன்று. இத்தனை கிலோமீட்டருக்குள் அதே பிராண்டின் இன்னொரு பலகை வராது என்ற எழுத்து மற்றது. எங்கள் படிவத்தில் அப்படி மாற்றுவது வழக்கமில்லை என்பார்கள். அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பிராண்டிடம் போங்கள். வருஷக் கடைசியில் இத்தனை புது ஹோட்டல்களைச் சேர்த்தோம் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் அவர்களும்தான்.